காதுக்கு ஒரு சந்தா

சந்தா என்பது நமக்குப் புதிய சொல் அல்ல. பத்திரிகைக்குச் சந்தா கட்டிப் பழகியவர்கள் நாம். சங்கீத சபைக்கும் கட்டியிருக்கிறோம். வீட்டில் ரேடியோப் பெட்டி வைத்திருந்ததற்காக வருஷம் ஒரு முறை தபாலாபீஸுக்குப் போய் லைசென்ஸ் பணம் கட்டிய தலைமுறையும் ஒன்று இருந்தது. 1980-களில்தான் அந்த வழக்கம் ஒழிந்தது. இந்த மூன்றிலும் பணம் கட்டுகிறவனுக்கு எதற்காகக் கட்டுகிறோம் என்பது தெளிவாகத் தெரியும். பத்திரிகை வாசலில் வந்து விழும். விழாவிட்டால் ஒரு கார்டு எழுதிப் போட்டுக் கேட்கலாம். சபையில் கச்சேரி அன்று நாற்காலி இருக்கும். லைசென்ஸ் கட்டியவன் வீட்டில் சர்க்கார் சிப்பந்தி வந்து மிரட்ட மாட்டான்.

இன்று காதுக்குச் சந்தா விற்கிறார்கள். வானத்துச் செயற்கைக்கோளிலிருந்து வரும் ரேடியோவுக்கு ஒரு சந்தா. இணையத்தின் வழியே வேண்டிய பாட்டை வேண்டிய நேரத்தில் கேட்பதற்கு ஒரு சந்தா. இரண்டையும் சேர்த்து ஒரு சந்தா. அதிலும் சின்னது, நடுத்தரம், பெரியது என்று படிகள். இவற்றை விற்பதற்கென்று ஒரு தனி வசனநடையே தோன்றியிருக்கிறது. அந்த நடையைப் பற்றியும், அதற்குப் பின்னால் நிற்கும் பொருளைப் பற்றியும் கொஞ்சம் எழுதலாம் என்று நினைக்கிறேன். நாவலையும் சிறுகதையையும் பற்றி எழுதுகிறவனுக்குச் சந்தாப் பட்டியலில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். நாவலைப் படிப்பவர்களைவிடச் சந்தாப் பட்டியலைப் படிப்பவர்கள் அதிகம். நாவலைப் படித்துவிட்டு யாரும் மாதாமாதம் பணம் அனுப்புவதில்லை. இதைப் படித்துவிட்டு அனுப்புகிறார்கள். நம்பும்படி கேட்கிற எழுத்து எதுவானாலும் அது விமரிசனத்துக்கு உட்பட்டதுதான் என்பது என் கட்சி.

அமெரிக்காவில் இருக்கும் என் அக்காள் மகன் ஒரு பட்டியலை அனுப்பியிருந்தான். புதுக் கார் வாங்கியிருக்கிறான். அந்த நாட்டில் புதுக் காரோடு செயற்கைக்கோள் ரேடியோவும் சில மாதங்களுக்கு இனாமாக வரும். இனாம் முடிந்ததும், எந்தச் சந்தா என்று முடிவு செய்ய வேண்டும்.

“எழுத்தைப் படித்து எடை போடுகிறவர் நீங்கள்தானே மாமா, இதையும் போட்டுச் சொல்லுங்கள்” என்றான்.

“ஏண்டா, உனக்குப் படிக்கத் தெரியாதா?”

“தெரிகிறது. படிக்கப் படிக்க எல்லாமே வேண்டும் போல இருக்கிறது. அதுதான் தொந்தரவு.”

இதைவிடச் சரியான விமரிசனத்தை நான் எழுதிவிட முடியாது. படிக்கிறவனுக்குத் தன் தேவை தெளிவாவதற்குப் பதில் மங்கிப் போகிறது என்றால், அந்த எழுத்து நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம். யாருக்காக வேலை செய்கிறது என்பதுதான் கேள்வி.

முதலில் விற்கப்படும் பொருள் என்ன என்பதைப் பார்த்துவிடலாம். அமெரிக்க அரசாங்கம் 1997-ல் செயற்கைக்கோள் ரேடியோவுக்கான அலைவரிசைகளை ஏலம் போட்டது. இரண்டு கம்பெனிகள் எடுத்தன. எக்ஸ்எம் என்பது 2001 செப்டம்பரில் ஒலிபரப்பைத் தொடங்கியது. சிரியஸ் என்பது 2002-ல். எக்ஸ்எம் தன் முதல் இரண்டு கோள்களுக்கு ‘ராக்’, ‘ரோல்’ என்று பெயர் வைத்தது. அவை பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 35,800 கிலோமீட்டர் உயரத்தில், நம் கண்ணுக்கு நின்ற இடத்திலேயே நிற்கிற மாதிரி சுற்றியவை. சிரியஸ் வேறு வழியில் போயிற்று. அதன் மூன்று கோள்களும் சாய்ந்த நீள்வட்டத்தில் சுற்றின. வட அமெரிக்காவுக்கு மேலே வரும்போது மெதுவாக நகர்ந்து, ஒன்று இறங்கும்போது இன்னொன்று ஏறியிருக்கும். உயரக் கட்டடங்கள் மறைக்கும் நகரங்களில் தரையிலேயே கோபுரங்கள் வைத்து ஒலியை மறு ஒலிபரப்புச் செய்தார்கள். பாலத்துக்கு அடியில் கார் போகும்போது பாட்டு அறுந்துபோகாமலிருக்கச் சில விநாடிகள் பெட்டியிலேயே சேமித்து வைக்கும் ஏற்பாடும் உண்டு. இவ்வளவும் சாமானியமான சாதனை அல்ல. காரில் ஆயிரம் மைல் போனாலும் ஸ்டேஷன் மாறாமல் ஒரே குரல் கூடவே வருகிறது என்பது, ஊர் தாண்டினால் கொரகொரவென்று இழுக்கும் ரேடியோவோடு வளர்ந்தவர்களுக்குத்தான் அருமை தெரியும்.

போட்டியாகத் தொடங்கிய இரண்டு கம்பெனிகளும் 2008 ஜூலையில் ஒன்றாகி, சிரியஸ் எக்ஸ்எம் ஆயின. ஆகவே பட்டியலில் ‘தேர்ந்தெடுங்கள்’ என்று இருக்கிறதே, அந்தச் சொல்லை நிதானமாகப் படிக்க வேண்டும். வானத்திலிருந்து வரும் ரேடியோவைப் பொறுத்தவரை கடை ஒன்றுதான். தேர்வு என்பது ஒரே கடைக்காரர் வைத்திருக்கும் மூன்று நான்கு பொட்டலங்களுக்குள்தான்.

இன்னொரு விஷயம், பட்டியலில் இல்லாதது. செயற்கைக்கோள் எல்லோருக்கும் ஒன்றாகப் பொழிகிறது. சந்தா கட்டியவன் காரின் மேலும் கட்டாதவன் காரின் மேலும் ஒரே அலைதான் விழுகிறது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு எண் உண்டு. பணம் கட்டினால் வானத்திலிருந்து அந்த எண்ணுக்கு ஒரு கட்டளை வரும், பூட்டு திறந்துகொள்ளும். கட்டாவிட்டால் பூட்டு விழும். ஆனால் திறந்த பெட்டியில் நீங்கள் என்ன கேட்கிறீர்கள், எப்போது நிறுத்துகிறீர்கள் என்பது கோளுக்குத் தெரியாது. இணையத்தையும் சேர்த்துக்கொண்ட புதுப் பெட்டிகளுக்கு இது பொருந்தாது. பழைய பெட்டிக்குப் பொருந்தும். இணையச் சந்தாவோ இதற்கு நேர் எதிர். அங்கே ஒவ்வொரு பாட்டையும் நீங்கள் கேட்டு அவர்கள் அனுப்புகிறார்கள். பாதியில் நிறுத்தினால் நிறுத்தியது தெரியும். ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கம் வராமல் கேட்டதும் தெரியும். ஒன்று மழை, மற்றொன்று கடிதப் போக்குவரத்து. இரண்டையும் ஒரே பட்டியலில் ‘ஆடியோ’ என்ற ஒரே சொல்லால் குறிப்பிடும்போது அடிப்படையான ஒரு வேற்றுமை மறைந்துபோகிறது.

இனி நடைக்கு வருகிறேன். சந்தாப் பட்டியல்களில் மிக அதிகமாக வரும் சொல் ‘எல்லாம்’. எல்லாச் சானல்களும், எல்லா இடத்திலும், எல்லா நேரமும். எழுத்தாளன் ‘எல்லாம்’ என்று எழுதினால் அவனுக்கு எதையும் தனித்துச் சொல்லத் தெரியவில்லை என்று நாம் முடிவு கட்டுவோம். விற்பனைக்காரர் எழுதினால் அதுவே பலமாகிவிடுகிறது. கேட்கிறவனுக்கு ஒரு நாளில் இருக்கிற காது நேரம் எவ்வளவு என்பதைப் பட்டியல் சொல்லாது. சொல்ல அதனால் ஆகாது. காலையில் நாற்பது நிமிஷம் காரில், மாலையில் நாற்பது நிமிஷம். அதற்கு நூற்றுக்கு மேற்பட்ட சானல்கள். ஐந்து சானல் கேட்கிறவன் மிச்சத்துக்கும் கட்டுகிறான். தான் கட்டுவது அந்த ஐந்துக்கு அல்ல, ஒரு நாள் மற்றவற்றையும் கேட்கப்போகிற ஒரு கற்பனை மனிதனுக்கு என்பது அவனுக்குப் படுவதில்லை. தன்னைப் பற்றி ஒவ்வொருவனும் ஒரு நாவல் எழுதி வைத்திருக்கிறான். அதில் அவன் ஜாஸ் கேட்பான், ஆப்பரா கேட்பான், உலக விவகாரங்களைத் தெரிந்துகொள்வான். பெரிய சந்தா விற்பது அந்த நாவலை நம்பித்தான்.

அடுத்தது விலை. எந்தக் கதையிலும் ஆசிரியர் ஒளித்து வைக்கும் விஷயம் ஒன்று உண்டு; நல்ல கதையில் அது கடைசியில் வெளிப்படும்போது முதலிலிருந்தே அது அங்கே இருந்தது என்று தோன்றும். இங்கே அப்படித் தோன்றாது. பாட்டு உள்ள சந்தாக்களில் பட்டியல் விலைக்கு மேல் சங்கீத ராயல்டிக் கட்டணம் என்று ஒன்றைத் தனியாகச் சேர்க்கும் வழக்கம் சிரியஸ் எக்ஸ்எம்மில் 2009-ல் தொடங்கியது. பின்னால் அது விலையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டிற்று. சங்கீதம் விற்கும் கடையில் சங்கீதத்துக்கென்று தனிக் கட்டணம் என்றால், ஹோட்டலில் சாப்பாட்டு விலை எழுதிவிட்டு, பில்லில் அரிசிக்குத் தனியாகப் போடுவது போல இருக்கிறது. ராயல்டி கொடுப்பது நியாயம். அதை விலைக்குள் சேர்த்துச் சொல்லாமல், விலையைச் சிறியதாகக் காட்டிவிட்டுப் பக்கத்தில் நிறுத்துவது நடையின் தந்திரம்.

ஆனால் இந்த இலக்கிய வகையின் பெரிய குறை விலை அல்ல, முடிவு. சந்தாப் பட்டியலுக்கு ஆரம்பம் பிரமாதமாக இருக்கும்; முடிவு கிடையாது. எப்படிச் சேருவது என்று பெரிய எழுத்தில் இருக்கும். எப்படி விலகுவது என்று தேட வேண்டும். இது என் கற்பனைக் குற்றச்சாட்டு அல்ல. 2023 டிசம்பரில் நியூயார்க் மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல் லெடீஷியா ஜேம்ஸ் இதற்காகவே சிரியஸ் எக்ஸ்எம் மீது வழக்குத் தொடுத்தார். டெலிபோனில் விலகுவதற்குச் சராசரி பதினொன்றரை நிமிஷமும், இணையத்தில் எழுதிப் பேசி விலகுவதற்குச் சராசரி முப்பது நிமிஷமும் ஆகிறது என்று கம்பெனியின் கணக்கிலிருந்தே அவர் எடுத்துக் காட்டினார். போகிறேன் என்று சொல்கிறவனிடம் ஒன்றன்பின் ஒன்றாகச் சலுகைகளை நீட்டும்படி சிப்பந்திகளுக்குப் பயிற்சி தரப்பட்டிருந்தது. 2024 நவம்பரில் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிற்று. மோசடி என்ற குற்றச்சாட்டை அது ஏற்கவில்லை. ஆனால் விலகும் வழி எளிதாக இருக்க வேண்டும் என்ற மத்திய சட்டத்தை மீறியதாகக் கண்டது. சேருவதைப் போலவே விலகுவதும் எளிதாக இருக்க வேண்டுமென்று அந்த நாட்டின் வர்த்தகக் கமிஷன் 2024 அக்டோபரில் எல்லாச் சந்தாக்களுக்கும் பொதுவாக ஒரு விதி செய்தது. 2025 ஜூலையில், அது அமலாகும் தருவாயில், மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதியை முறைப்படி செய்யவில்லை என்று ரத்து செய்துவிட்டது. சட்டம் சந்தாதாரனுக்காகப் பாதி தூரம் வந்து நின்றுவிட்டது என்று சொல்லலாம்.

இதில் எனக்குச் சுவாரஸ்யமாகப் படுவது அந்தச் சலுகைகள்தான். விலகப் போகிறேன் என்றால் விலை குறைகிறது. அப்படியானால் பட்டியலில் இருக்கும் விலை யாருக்கு? பேசாமல் இருப்பவனுக்கு. வருஷக்கணக்காக விசுவாசமாகக் கட்டிவருகிறவன் அதிகம் கொடுக்கிறான். சண்டை போடுகிறவன் குறைவாகக் கொடுக்கிறான். மோர்மார்க்கெட்டில் பேரம் பேசிப் பழைய புத்தகம் வாங்கியவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் அங்கே எழுதிய விலை என்று ஒன்று கிடையாது. பேரம்தான் விலை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அச்சிட்ட விலையை வைத்துக்கொண்டு உள்ளுக்குள் பேரம் நடத்துவது வேறு ஜாதி வியாபாரம். அதில் நஷ்டப்படுகிறவர்கள் கூச்சசுபாவிகளும் வயோதிகர்களும், டெலிபோனில் அரை மணி நேரம் செலவிட முடியாத வேலைக்காரர்களும்.

இவ்வளவு சொன்ன பிறகு எதிர்க்கட்சிக்கும் நியாயம் சொல்ல வேண்டும். என் பணம் யாருக்குப் போகிறது என்று கேட்டால், செயற்கைக்கோள் ரேடியோவின் பதில் ஒருவிதத்தில் கௌரவமானது. அமெரிக்காவில் சாதாரண ரேடியோ ஸ்டேஷன்கள் ஒலிபரப்பும் பாட்டுக்கு, எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் பணம் உண்டு, பாடியவருக்குக் கிடையாது. செயற்கைக்கோள் ரேடியோ பாடியவருக்கும் கொடுத்தாக வேண்டும். 2018 முதல் 2027 வரை வருமானத்தில் 15.5 சதவிகிதம் என்று விகிதம் வைத்திருக்கிறார்கள். அதை வசூலிக்கும் சவுண்ட்எக்ஸ்சேஞ்ச் என்ற அமைப்பு பாதியை இசைத்தட்டின் உரிமையாளருக்கும், 45 சதவிகிதத்தை முக்கியக் கலைஞருக்கும், மிச்சம் 5 சதவிகிதத்தைப் பக்கத்தில் வாசித்தவர்களுக்கென்றும் பிரிக்கிறது. கலைஞரின் பங்கு கம்பெனி வழியாகப் போகாமல் நேராக அவர் கைக்குப் போகிறது. பக்கவாத்தியக்காரருக்கும் ஒரு பங்கு என்று சட்டமே நினைத்திருப்பது பெரிய விஷயம்.

வேண்டிய பாட்டைக் கேட்கும் இணையச் சந்தாவில் இந்த ஏற்பாடு இல்லை. அங்கே பணம் பெரும்பாலும் இசைத்தட்டுக் கம்பெனிக்குப் போய், அங்கிருந்து ஒப்பந்தப்படி கலைஞருக்கு இறங்குகிறது. நான் ஒரே ஒரு பாடகரை மட்டும் மாதம் பூராவும் கேட்டாலும் என் பணம் அவருக்கே போவதில்லை. எல்லோருடைய பணமும் ஒரு குட்டையில் விழுந்து, மொத்தக் கேட்பின் விகிதப்படி பிரிகிறது. ஸ்பாட்டிஃபை 2024-லிருந்து இன்னொரு விதியும் சேர்த்தது: பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் முறை கேட்கப்படாத பாட்டுக்கு அந்தக் குட்டையில் பங்கு இல்லை. ஆயிரம் பேர் கேட்காத பாட்டு பாட்டே அல்ல என்பது கணக்கனின் தீர்ப்பு. நூறு பேர் மட்டுமே படித்த நல்ல புத்தகங்களை எனக்குத் தெரியும். அவற்றின் ஆசிரியர்களுக்கு வந்த ராயல்டி அற்பம்தான், ஆனாலும் வந்தது.

வானத்தையும் இணையத்தையும் ஒன்றாகக் கட்டி விற்கும் சந்தாவிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அந்த ஒரே பணத்தில் வானத்துக்கு எவ்வளவு, இணையத்துக்கு எவ்வளவு என்று பிரிப்பவர் விற்பவர்தான். இணையத்தின் பங்கை அதிகமாகக் காட்டி வானத்துக்கான ராயல்டியைக் குறைத்துவிட்டார்கள், 15 கோடி டாலருக்கு மேல் பாக்கி என்று சவுண்ட்எக்ஸ்சேஞ்ச் 2023-ல் வழக்குப் போட்டது. குற்றச்சாட்டு உண்மையா என்று விசாரிக்கும் கட்டத்துக்கே அது போகவில்லை; அப்படி வழக்குத் தொடுக்கச் சட்டம் அந்த அமைப்புக்கு உரிமை தரவில்லை என்று 2025-ல் தள்ளுபடியாயிற்று. உண்மை எதுவானாலும் சந்தாதாரனுக்குப் பாடம் ஒன்று: பொட்டலமாக வாங்கினால் உள்ளே எதன் விலை எவ்வளவு என்பது வாங்கியவனுக்குத் தெரியாது.

இனி ரசனை. இங்கேதான் உண்மையான பந்தயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். பணம் அதற்குக் கீழேதான். ரேடியோ என்பது யாரோ ஒருவர் தேர்ந்து கொடுப்பதை நாம் கேட்பது. இணையச் சந்தா என்பது நாம் தேர்வது. அல்லது நாம் தேர்வதாக நினைத்துக்கொண்டு, நாம் நேற்றுக் கேட்டதைப் பார்த்து யந்திரம் இன்று கொடுப்பதைக் கேட்பது. யந்திரத்தை நான் பழிக்கவில்லை. அமெரிக்காவின் பண்டோரா என்ற இணைய ரேடியோ இந்தத் துறையில் முன்னோடி. சங்கீதம் தெரிந்தவர்களை உட்காரவைத்து ஒவ்வொரு பாட்டையும் கேட்கச் செய்து, தாளம், குரல், சுருதி என்று நூற்றுக்கணக்கான குணங்களைக் குறித்து வைத்தது. மனிதக் காதில் பிறந்த யந்திரம் அது. 2019-ல் அதைச் சிரியஸ் எக்ஸ்எம்மே வாங்கிவிட்டது. ஆனாலும் எந்த யந்திரமும் அடிப்படையில் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்கிறது: உனக்குப் பிடித்ததைப் போன்றது எது? ‘போன்றது’ என்பதிலிருந்து அது நகரவே நகராது.

எனக்குப் பிடித்த சங்கீதம் பெரும்பாலும் எனக்குப் பிடித்ததைப் போல இல்லாதது. ரேடியோவில் ஏதோ எதிர்பார்த்து உட்கார்ந்தபோது, அதற்குப் பதில் வந்து விழுந்தது. முதலில் எரிச்சலாகக்கூட இருந்திருக்கும். எழுந்து போய் நிறுத்தச் சோம்பல்பட்டு இருந்துவிட்டதால் கேட்டது. சோம்பலால் விளைந்த ரசனை என்று நண்பர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். இலக்கியத்திலும் இதுதான் என் அனுபவம். கேட்டு வாங்கிய புத்தகங்களைவிட, வேறு புத்தகம் இல்லாததால் படித்த புத்தகங்கள் என்னை அதிகம் மாற்றியிருக்கின்றன. இன்னொரு மனிதன் தேர்ந்து கொடுக்கும்போது அவனோடு சண்டை போடலாம். ‘இவனுக்கு என்ன ரசனை!’ என்று திட்டலாம். திட்டிக்கொண்டே நம் ரசனை எது என்று கண்டுபிடிக்கலாம். யந்திரத்தோடு சண்டை போட முடியாது. அது உடனே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, நாம் சொன்னதையே நமக்குத் திருப்பிக் கொடுக்கிறது. எப்போதும் ஆமாம் போடும் நண்பனோடு எவ்வளவு நேரம் பேச முடியும்?

ஆகவே செயற்கைக்கோள் ரேடியோவில் எனக்குப் பிடிப்பது அதன் வானம் அல்ல, அதன் மனிதர்கள். 2006-ல் நியூயார்க் மெட்ரோபாலிடன் ஆப்பராவுக்கென்றே ஒரு சானல் தொடங்கினார்கள். ஊருக்கு ஊர் இருக்கும் சாதாரண ஸ்டேஷனில் விளம்பரக்காரர்கள் இதற்கு இடம் கொடுக்க மாட்டார்கள். ஒரு ஊரில் ஐம்பது பேர் கேட்பார்கள். ஒரு கண்டம் பூராவும் சேர்த்தால் ஐம்பது பேர் பல்லாயிரம் பேராகிறார்கள். சிறுபான்மை ரசனை உயிரோடிருக்க வானம் போன்ற ஒரு பெரிய கூரை வேண்டியிருக்கிறது.

இதே கூரை நம் தலைக்கு மேலும் ஒரு காலத்தில் இருந்தது. நோவா சமாரா என்ற எத்தியோப்பியர் 1990-ல் தொடங்கிய வேர்ல்ட்ஸ்பேஸ் கம்பெனி 1998-ல் ஆப்பிரிக்காவுக்கு ஒரு கோளையும், 2000-ல் ஆசியாவுக்கு ஒரு கோளையும் அனுப்பிற்று. நல்ல செய்தியும் படிப்பும் கிட்டாத ஏழை நாடுகளுக்கு வானத்திலிருந்து குரல் தரவேண்டும் என்பது ஆதி நோக்கம். இந்தியாவில் அது நடுத்தர வர்க்கத்து ரசிகர்களின் பெட்டியாயிற்று. கர்நாடக சங்கீதத்துக்கு ‘ஸ்ருதி’, ஹிந்துஸ்தானிக்கு ‘காந்தர்வ்’, தமிழ்ப் பாட்டுக்குத் தனிச் சானல். பெட்டியோடு ஒரு சின்ன ஆன்டெனாத் தட்டு வரும். ஜன்னலோரம் கோள் இருக்கும் திசையைப் பார்த்து அதைத் திருப்பி வைக்க வேண்டும். இரவு பகல் எந்நேரமும் விளம்பரம் இல்லாமல் ராகம் கேட்கலாம் என்பதற்காகப் பணம் கொடுத்தவர்கள் இருந்தார்கள். அமெரிக்காவில் தாய்க் கம்பெனி 2008 அக்டோபரில் திவால் பாதுகாப்புக் கேட்டது. 2009 டிசம்பர் 31-ஆம் தேதியோடு இந்தியச் சந்தாதாரர்களுக்கு ஒலிபரப்பு நின்றது. வருஷச் சந்தாவை முன்கூட்டிக் கட்டியவர்களுக்கு மாதங்கள் மிச்சமிருந்தன, பாட்டு மிச்சமில்லை. பெட்டி கெட்டுப் போகவில்லை, ஆன்டெனா கெட்டுப் போகவில்லை. அடுத்த நாள் காலை எல்லாம் சேர்ந்து ஊமையாகிவிட்டன, அவ்வளவுதான்.

சந்தாவின் உண்மையான இலக்கணம் அன்றுதான் தெரிந்தது என்று சொல்லலாம். பத்திரிகை நின்றுபோனாலும் பழைய இதழ்கள் பரணில் இருக்கும். பல பத்திரிகைகள் நின்ற பிறகுதான் இலக்கிய சரித்திரத்தில் இடம் பிடித்தன. சபை மூடினாலும் கேட்ட கச்சேரியைப் பற்றிப் பேச அடுத்த நாற்காலிக்காரர் இருப்பார். காதுச் சந்தா நின்றால் ஒன்றும் இருக்காது. இது செயற்கைக்கோளுக்கு மட்டுமல்ல, இணையச் சந்தாவுக்கும் பொருந்தும். பத்து வருஷம் கட்டிய பிறகு பதினோராவது வருஷம் கட்டத் தவறினால், சேர்த்து வைத்த பட்டியல் எல்லாம் பெயர்கள் மட்டும்தான். உரிமை மாறினால், கட்டிக்கொண்டிருக்கும்போதே ஒரு பாட்டு மறைந்துவிடுவதும் உண்டு. வாடகை வீட்டில் ஆணி அடிக்கும்போது இருக்க வேண்டிய ஜாக்கிரதை இங்கேயும் வேண்டும்.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு எந்தச் சந்தாவை எடுப்பது என்று கேட்டால், என் முடிவுகள் எளிமையானவை. டெலிபோன் அலை எட்டாத நெடுஞ்சாலைகளில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு, யாரோ தேர்ந்து கொடுப்பதைக் கேட்கும் பொறுமை இருந்தால், வானத்து ரேடியோ நல்லது. அதில் மிகச் சிறிய சந்தா போதும். பெரியதற்கு எப்போது வேண்டுமானாலும் ஏறலாம். விற்பவர்கள் ஏணி பிடிப்பார்கள். இறங்கும்போது யாரும் பிடிப்பதில்லை. அலை எட்டும் ஊருக்குள்ளேயே இருப்பவர்களுக்கு இணையச் சந்தாவே போதும். வானத்துக்குக் கொடுப்பது தண்டம். இரண்டையும் கட்டியது, ‘இல்லாமல் போய்விடுமோ’ என்ற பயத்துக்கு விற்கப்படுவது. பயத்துக்கு எந்தப் பொட்டலமும் போதாது. திரும்பத் திரும்ப அதே ஐம்பது பாட்டைக் கேட்கிறவர்களுக்குச் சந்தா எதுவுமே வேண்டாம். அந்த ஐம்பதையும் விலை கொடுத்து வாங்கி வைத்துக்கொள்ளலாம்; கலைஞருக்கும் அதுதான் லாபம்.

முடிவு செய்வதற்கு முன்னால் ஒரு வாரம் ஒரு காகிதத்தில் நாம் உண்மையில் என்ன கேட்டோம், எத்தனை நிமிஷம் கேட்டோம் என்று எழுதி வைப்பது நல்லது. எழுதிய காகிதத்தைப் பார்த்தால் நம்மைப் பற்றி நாம் எழுதி வைத்திருக்கும் நாவல் சின்னதாகிவிடும். பிறகு பட்டியலைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும்: முதல் சில மாதம் கழித்து விலை என்ன, அதன் மேல் கட்டணங்கள் என்ன, விலகும் வழி என்ன. இந்த மூன்றுக்கும் ஒரே வரியில் பதில் இல்லாத பட்டியல் மோசமான எழுத்து. மோசமான எழுத்துக்கு மாதாமாதம் வெகுமதி கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

அக்காள் மகனுக்கு நான் எழுதியதும் இதுதான். அவன் வாரக்கடைசிகளில் நெவாடாவின் பாலைப் பகுதியில் நெடுந்தூரம் வண்டி ஓட்டுகிறவன். ஆகவே வானத்துச் சந்தாவில் சிறியதை எடுக்கச் சொன்னேன். கூடவே இன்னொன்றும் சொன்னேன்: தனக்குத் தெரியாத ஒரு சானலில், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், மாதத்தில் ஒரு நாளாவது நூறு மைல் போக வேண்டும். பணம் கொடுத்து வாங்குவதில் அது ஒன்றுதான் நிஜமாகவே லாபம். பிடித்ததைக் கேட்க நமக்கு வானம் தேவையில்லை. நமக்கு என்ன பிடிக்கும் என்பது இன்னும் தெரியாமலிருக்கிறதே, அதற்குத்தான் ஒரு ரேடியோ வேண்டியிருக்கிறது.